அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சிறு திட்டங்களுக்கு நிதி பெறுவது எப்படி?

புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் கவனம் ஒரு தவளைக்கோ, நன்னீர் மீனுக்கோ, ஒரே மலைச்சரிவில் மட்டும் வளரும் செடிக்கோ கிடைப்பதில்லை. இத்தகைய இனங்களுக்குச் சில ஆயிரம் டாலர் நல்கையே பெரும் துணையாகிறது. அந்த அளவிலான தொகையை வழங்குவதற்கென்றே சில அமைப்புகள் இயங்குகின்றன.

முகம்மது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம், குறிப்பிட்ட ஓர் இனத்தை மையமாகக் கொண்ட திட்டத்துக்கு 25,000 டாலர் வரை வழங்குகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரஃபர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் நடக்கும் பணிகளுக்குச் சிறு தொகையில் தொடங்கி, முந்தைய பணியை முடித்து அறிக்கை அளித்தவர்களுக்கு அடுத்த நிலை நல்கைகளுக்கும் வாய்ப்பளிக்கிறது. முதன்முறை விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளருக்கு ரஃபர்ட் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. 1992-இல் தொடங்கப்பட்ட உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நல்கைத் திட்டமோ உள்ளூர்ச் சமூக அமைப்புகளுக்கே பொருத்தமானது.

எழுதத் தொடங்கும் முன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) இனங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தி 1964 முதல் பராமரித்து வரும் சிவப்புப் பட்டியலில் உங்கள் இனம் எந்த வகையில் உள்ளது என்று பாருங்கள். மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் ஆகிய மூன்றும் அச்சுறுத்தலுக்கு உள்ளானவையாகக் கருதப்படுகின்றன. தரவு போதாது என்று குறிக்கப்பட்டிருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. எங்கே, எத்தனை எஞ்சியுள்ளன என்று கணக்கெடுப்பதே அப்போது தகுதியான திட்டமாகிவிடும்.

விண்ணப்பத்தின் உயிர், ஓர் அச்சுறுத்தலையும் அதைத் தணிக்கும் ஒரு செயலையும் அதன் பலனைக் காட்டும் ஓர் அளவையும் ஒன்றோடொன்று பிணைப்பதில்தான் இருக்கிறது. ஆற்றில் வாழும் ஆமை இனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஆமைகளைக் காத்து மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்குப் பிடி எதுவும் கிடைக்காது. மாறாக, குறிப்பிட்ட மணல்திட்டில் முட்டைகளை மனிதர்கள் எடுத்துச் செல்வதும் நாய்கள் தோண்டுவதுமே முதன்மைச் சிக்கல் என்று காட்டி, இதுவரை முட்டை சேகரித்தவர்களையே முட்டையிடும் பருவத்தில் ஊதியத்துக்குக் காவலர்களாக அமர்த்துவோம், ஒவ்வொரு கூட்டின் மீதும் கம்பிவலை பொருத்துவோம், கூடுவாரியாகப் பொரித்த, பொரிக்காத முட்டைகளைப் பதிவேட்டில் குறிப்போம் என்று எழுதினால் திட்டம் கண்முன் நிற்கும். காவல் தொடங்குவதற்கு முந்தைய பருவத்தின் எண்ணிக்கை கையில் இருந்தால் மட்டுமே பலனை ஒப்பிட முடியும் என்பதால், பணம் வரும் முன்பே அந்தக் கணக்கெடுப்பைச் செய்துவிடுவது நல்லது.

வரவுசெலவுத் திட்டத்தையும் இந்தச் செயல்களிலிருந்தே வரி வரியாக உருவாக்க வேண்டும். எத்தனை காவலர்கள், எத்தனை மாதங்கள், ஒருவருக்கு என்ன ஊதியம், எத்தனை கூடுகளுக்கு வலை என்று பெருக்கிக் காட்டுங்கள். ‘இதர செலவுகள்’ என்ற பெயரில் பெரிய தொகை நிற்கக் கூடாது. வங்கிக் கட்டணமும் நாணய மாற்று விகித ஏற்ற இறக்கமும் பலர் மறந்துவிடும் செலவுகள். திட்டத்தில் பயன் விளக்கப்படாத ட்ரோனும் விலையுயர்ந்த கேமராவும் விண்ணப்பத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கும்.

அனுமதிகளுக்குக் காலம் ஒதுக்குங்கள். காட்டுயிர்களைக் கையாளப் பல நாடுகளில் அரசின் முன் அனுமதி தேவை. வெளிநாட்டு நிதியைப் பெறுவதற்கும் சில நாடுகளில் தனிச் சட்டம் உண்டு, அங்கே தனிநபர்கள் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். அந்த இனத்தை நன்கறிந்த ஆய்வாளர் ஒருவரிடம் வரைவைக் காட்டி, அவருடைய பரிந்துரைக் கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நல்கை கிடைத்த பிறகு ரசீதுகளையும் களப்பதிவுகளையும் அன்றன்றே ஒழுங்குபடுத்தி, எதிர்பார்த்தது நடக்காவிட்டாலும் உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுத வேண்டும். வெள்ளத்தில் கூடுகள் அழிந்தன என்பதும் அடுத்த குழுவுக்குப் பயன்படும் தகவல்தான். கள்ளச்சந்தையில் விலைபோகும் ஆமை, ஆர்க்கிட் போன்ற இனங்களாக இருந்தால் மட்டும், துல்லியமான இருப்பிட விவரங்களை நிதி வழங்குநருக்குத் தனியே அனுப்பிவிட்டு, பொதுவில் வெளியிடும் பதிப்பிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள்.