500 டாலர் கிஃப்ட் கார்டு கவுண்டரில் மாட்டிக்கொண்ட கதை

அமெரிக்காவில் ஆபீஸ் சாமான் கடைகளில் 5% கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் 500 டாலர் விசா கிஃப்ட் கார்டு வாங்கி, அதை மணி ஆர்டராக (முன்பணம் கட்டி வாங்கும் காசோலை மாதிரியான சீட்டு) மாற்றி, வங்கியில் போட்டு, கிரெடிட் கார்டு பில்லையே கட்டிவிடலாம், கேஷ்பேக் லாபம் என்பதுதான் திட்டம். முதல் நாளே மணி ஆர்டர் கவுண்டரில் கிஃப்ட் கார்டு டிக்ளைன். பின்னால் வரிசை வேறு, மானமே போச்சு!

வீட்டுக்கு வந்து யோசித்ததில் இரண்டு தப்பு தெரிந்தது. பின் நம்பர் வைக்காததால் அது கிரெடிட்டாகப் போயிருக்கிறது, மணி ஆர்டருக்கோ டெபிட்தான் வேண்டும். அதைவிட அசட்டுத்தனம், கார்டில் இருப்பதே 500, நான் கேட்டதும் 500, அப்புறம் மணி ஆர்டருக்கான 1 டாலர் கட்டணம் எங்கிருந்து வரும்? கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் செய்து பின் வைத்தேன், மறுநாள் 499 என்று கேட்டேன், சரியாக வந்துவிட்டது.

கிஃப்ட் கார்டு வாங்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்த 505.95 டாலருக்குக் கேஷ்பேக் 25.30 டாலர். கார்டுக்கான கட்டணம் 5.95, மணி ஆர்டருக்கு 1, இரண்டும் போக மிச்சம் 18.35. வெறும் 2% கார்டாக இருந்தால் மூன்று டாலர்தான் தேறும், பெட்ரோலுக்கே போய்விடும். ரசீதுகளை மட்டும் பில் கட்டி முடியும்வரை தூக்கிப் போடுவதில்லை.