வீட்ல போட்ட சைடர் குடிச்சா மறுநாள் தலை பிளக்குதா?

இங்க இங்கிலாந்துல சொந்தமா குடிக்க வீட்ல சைடர், அதாவது ஆப்பிள் ஜூஸை ஈஸ்ட் போட்டு புளிக்க வச்ச மது, போடலாம், தமிழ்நாட்டுல அது குற்றம், அதனால ஊர்ல இருக்கறவங்க முயற்சி பண்ணாதீங்க. என்னோட முதல் 4.5 லிட்டர் ஜாடியை, குளிருதேன்னு ஹீட்டர் பக்கத்துல வச்சு, நல்லா ஏறட்டும்னு 350 கிராம் சீனியும் கொட்டினேன், சீக்கிரமே பொங்கி அடங்கிருச்சு, ஆனா கிளாஸை மூக்குகிட்ட கொண்டுபோனாலே தின்னர் வாடை, தொண்டையில எரிச்சலா இறங்குச்சு, மறுநாள் மதியம் வரைக்கும் எந்திரிக்கவே முடியல.

உடனே எல்லாரும் கேக்கறது, விஷமான மெத்தனாலான்னுதான். 2024ல கள்ளக்குறிச்சியில நடந்ததுக்கு அப்புறம் அந்த பயம் நியாயம்தான், ஆனா அது மெத்தனாலையே கலந்த சாராயம். ஆப்பிள்ல இருக்கற பெக்டின்ங்கற நார்ச்சத்து உடைஞ்சு சைடர்லயும் துளி மெத்தனால் வரும், ஆபத்தான அளவுக்கு வராது. காய்ச்சி மட்டும் வடிக்காதீங்க, ஃப்ரீசர்ல உறைய வச்சு ஐஸை எடுக்கற வேலையும் வேணாம், போறது தண்ணிதான், வேண்டாதது எல்லாம் மிச்சத்துல கெட்டியா நிக்கும்.

அந்த தின்னர் வாடை ஃபியூசல் ஆல்கஹால், அதாவது ஈஸ்ட் கூடவே உண்டாக்கற ஐசோஅமைல் மாதிரி கனமான ஆல்கஹால். ஈஸ்ட் சூட்டுல வேகமா ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் இது கூடும், ஆப்பிள் ஜூஸ்ல ஈஸ்டுக்கு சத்தான நைட்ரஜன் பொதுவாவே கம்மி. அதனால ப்ரிசர்வேட்டிவ் இல்லாத ஜூஸ் வாங்கி, 5 கிராம் ஈஸ்ட் பாக்கெட்டை முழுசா போட்டு, ஈஸ்ட் நியூட்ரியண்ட் பாக்கெட்ல சொன்ன அளவு சேர்த்து, 15லேருந்து 18 டிகிரிக்குள்ள வைங்க. நான் இப்ப மாடிப்படிக்கு கீழ ஒரு தொட்டி தண்ணியில ஜாடியை இறக்கி, ஈரத்துணி சுத்தி வைக்கறேன், மூணு வாரம் கூட ஆகும், ஆகட்டும்.

சீனி போடவே போடாதீங்க, இதுதான் நான் ரொம்ப அழுத்தி சொல்றது. ஏன்னா தலைவலிக்கு பெரிய காரணம் ஃபியூசல்கூட இல்ல, குடிக்கற சாதாரண ஆல்கஹாலான எத்தனால்தான். ஜூஸோட அடர்த்தியை அளக்கற ஹைட்ரோமீட்டர்ல 1.050ல ஆரம்பிச்சு 1.000க்கு வந்தா கிட்டத்தட்ட 6.5 சதவீதம் ஆல்கஹால், நான் கொட்டின சீனிக்கு அது 11ஐ தொட்டுச்சு, அதே பைண்ட் (568 மில்லி) கிளாஸ்ல 37 மில்லி ஆல்கஹால் இருக்க வேண்டிய இடத்துல 62 மில்லி, ஜூஸ் மாதிரி இனிச்சா கணக்கே தெரியாது. சாப்பிட்டுட்டு குடிங்க, நடுநடுவுல தண்ணி குடிங்க.

பொங்கி முடிஞ்சதும் பச்சை ஆப்பிள் வாடை தூக்கலா அடிச்சா அது அசிடால்டிஹைட், ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்தாம பாதியில விட்ட பொருள், உடனே பாட்டில்ல ஊத்தாம அடியில இருக்கற ஈஸ்டோடயே இன்னும் ரெண்டு மூணு வாரம் விடுங்க, ஈஸ்டே அதை பெரும்பாலும் தின்னுடும். தின்னர் வாடை அப்படி போகாது, நான் அந்த ஜாடியை சிங்க்ல ஊத்திட்டேன்.