ஒரு பிட்டுதானே என்று கைவைக்கும் முன்: கெர்னல் ஃபிளாக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் சிப்பு, போர்டு என்று வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் லினக்ஸ் கெர்னலில் கைவைக்க ஆரம்பித்ததும் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி இது: "அண்ணே, பேஜுக்கு ஒரு ஃபிளாக் (ஆம், இல்லை என்று குறிக்கும் ஒரு பிட்) சேர்க்கணும், அவ்வளவுதான். 64 பிட் இருக்கே, ஒண்ணு எடுத்துக்கிட்டா என்ன?" கேள்விக்குள்ளேயே இரண்டு தவறு இருக்கிறது. 64 பிட் இல்லை. இருப்பதும் உங்களுக்காகக் காத்துக் கிடக்கவில்லை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நினைவகத்தைப் பேஜ் எனப்படும் 4 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் விவரத்தையும் எழுதி வைக்க ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் வைத்திருக்கிறது கெர்னல். 64 பிட் கணினியில் அது வழக்கமாக 64 பைட். அதாவது 16 ஜிபி ராமில் 256 எம்பி இந்தக் கணக்கு வைப்பதற்கே போய்விடுகிறது. அதில் 8 பைட் கூட்டினால் இன்னும் 32 எம்பி காலி, உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு 16 ஜிபி கணினியிலும், உங்கள் வசதியைப் பயன்படுத்தாதவர்களிடமும் சேர்த்து. அதனால்தான் புதிதாக ஃபீல்டு சேர்க்க யாரும் விடுவதில்லை, எல்லோரும் இருக்கிற ஒரே ஃபிளாக் வேர்டுக்குள் (ஃபிளாக்குகளை வைத்திருக்கும் 64 பிட் எண்) நுழையப் பார்க்கிறார்கள்.

அந்த வேர்டின் கீழ்ப்பக்கத்தில்தான் நமக்குத் தெரிந்த லாக்ட், டர்ட்டி, ரைட்பேக் எல்லாம். மேல்பக்கத்தில் வேறு குடித்தனம். 8192 சிபியு, 1024 நோடு வரை தாங்கும்படி கட்டிய எக்ஸ்86-64 கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள்: பேஜ் எந்த நோடில் (ஒரு சிபியு கூட்டத்துக்குப் பக்கத்து நினைவகம்) இருக்கிறது என்ற எண்ணுக்கு 10 பிட், ஸோனுக்கு (நினைவகத்தின் வகைப் பகுதி) 3, கடைசியாகத் தொட்ட சிபியுவையும் பிராசஸையும் குறித்து வைக்க 13-ம் 8-ம் சேர்த்து 21. ஆக 34 போயாச்சு, மிச்சம் 30. எந்தப் பேஜை முதலில் வெளியேற்றுவது என்று தலைமுறை பிரித்து முடிவு செய்யும் மல்டிஜென் எல்ஆர்யு போட்டிருந்தால் தலைமுறை எண்ணுக்கு இன்னும் 3. இருபதுக்கும் மேற்பட்ட ஃபிளாக்குகள் இந்த மிச்சத்துக்குள்தான் இருக்கின்றன. 32 பிட் கணினியில் வேர்டே 32 பிட்தான், அங்கே நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் முதல் தவறு: தன் மேசையில் இருக்கும் கான்ஃபிக்கில் (கெர்னல் கட்டும் அமைப்புத் தேர்வுகள்) பில்ட் ஆனதும் இடம் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. இடம் போதாவிட்டால் பில்ட் உடனே நின்றுவிடாது. அந்தக் கடைசி சிபியு விவரத்தை ஒரு எச்சரிக்கை வரியோடு தனி ஃபீல்டுக்கு நகர்த்திவிடும், ஸ்ட்ரக்ட் பேஜ் பெருத்துவிடும். நோடு எண்ணுக்கு இடமில்லையென்றால் சில கான்ஃபிக்குகளில் ஸெக்‌ஷன் (நினைவகத்தின் பெரிய துண்டு) எண்ணை வைத்து ஒரு டேபிளில் தேடும். அதற்கும் மேலே போனால்தான் கம்பைல் எரர், உண்மையில் அதுதான் இருப்பதிலேயே நல்ல முடிவு, குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிகிறதே.

அடுத்தது, எனக்கு ரொம்ப எரிச்சலூட்டுவது: அந்தத் தகவல் அந்த வேர்டில்தான் இருந்தாக வேண்டுமா என்று யோசிக்காமலே பிட் கேட்பது. பிழை தேடுவதற்கு (டீபக்) மட்டும் வேண்டுமா? பேஜ் எக்ஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, பேஜை யார் ஒதுக்கினார்கள் என்று குறித்து வைக்கும் பேஜ் ஓனர் போன்றவை அங்கேதான் வாழ்கின்றன, கணினி பூட் ஆகும்போது யாரும் கேட்காவிட்டால் அதற்கு நினைவகமே ஒதுக்கப்படாது. 32 பிட்டில் யங், ஐடில் என்ற ஃபிளாக்குகள் இரண்டும்கூட அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கின்றன. யூசர் ஸ்பேஸில் (சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) ஒருபோதும் மேப் ஆகாத பேஜா? அப்படியென்றால் எத்தனை முறை மேப் ஆனது என்று எண்ணும் மேப்கவுன்ட் ஃபீல்டு சும்மா கிடக்கிறது, அந்த இடத்தில் பேஜ் டைப் எழுதலாம். கெர்னலின் சிறு ஒதுக்கீடுகளுக்கான பேஜ் என்று குறிக்கும் ஸ்லாப் ஃபிளாக்கை இப்படித்தான் 2024-ல் வேர்டிலிருந்து வெளியேற்றி, பேஜ் டைப்பாக மாற்றினார்கள். இத்தனை வருடம் ஒரு முழு பிட்டைப் பிடித்துக்கொண்டு இருந்த ஆள் அது.

அப்புறம் பங்கு போடுவது. நம் ஊரில் பகலில் பேங்குக்கு வருபவர்களின் கார் நிற்கும் இடத்தில் ராத்திரி மாமாக் கடை மேசை நாற்காலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ரீட்அஹெட் என்ற பிட்டும் ரீக்ளைம் என்ற பிட்டும் ஒரே இடம். முன்னது படிக்கும்போது மட்டும், பின்னது எழுதும்போது மட்டும். இது நன்றாகவே ஓடும், இரண்டு பேருடைய நேரமும் மோதாத வரை. தவறு எங்கே நடக்கிறது என்றால், "இந்த பிட்டை அந்த ஃபைல்சிஸ்டம் மட்டும்தான் பயன்படுத்துது" என்று கிரெப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதில். பெயரைத் தேடினால் போதாது, ஒரே பிட்டுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும்: செக்ட் என்பதும் ஸ்வாப்கேஷ் என்பதும் ஓனர் பிரைவேட் என்ற ஒரே பிட்டின் மறுபெயர்கள். பேஜ் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகும்போது அந்த பிட் யார் கையில் இருக்கிறது, யார் துடைக்கிறார்கள் என்று எழுதிப் பார்க்க முடியாவிட்டால் பங்கு போடாதீர்கள்.

சரி, பிட் கிடைத்துவிட்டது, இப்போது அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பது அடுத்த வம்பு. ஒரே வேர்டைப் பல சிபியு ஒரே நேரத்தில் தொடுகின்றன. பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட ஃபங்ஷன்கள் அட்டாமிக் (நடுவில் யாரும் புக முடியாதபடி ஒரே மூச்சில் முடிபவை) இல்லை, வேறு யாருக்கும் இன்னும் தெரியாத புதுப் பேஜில் மட்டும்தான் அவை செல்லும். கொஞ்சம் வேகம் கிடைக்குமே என்று வேறு இடத்தில் போட்டால், நீங்கள் வேர்டைப் படித்து உங்கள் பிட்டை மாற்றித் திரும்ப எழுதும் அந்த இடைவெளியில் இன்னொரு சிபியு டர்ட்டி பிட்டைப் போட்டிருக்கும், உங்கள் எழுத்து அதை அழித்துவிடும், அந்த டேட்டா டிஸ்குக்குப் போகாமலே போகலாம். உங்கள் ஃபிளாக் சரியாகவே வேலை செய்யும், கெட்டது அடுத்தவருடையது, அதனால் யாரும் உங்களைச் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

சொந்த ஸ்ட்ரக்ட் தானே என்று சி பிட்ஃபீல்டு (ஒரு வேர்டுக்குள் சில பிட்களைத் தனிப் பெயரில் பிரிப்பது) போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. பக்கத்துப் பக்கத்து பிட்ஃபீல்டுகளைத் தனித்தனி லாக் வைத்துக் காப்பாற்ற முடியாது. 2012-ல் இதைவிட மோசமான ஒன்று வெளியே வந்தது: ஐட்டேனியம் பிராசஸரில் ஜிசிசி கம்பைலர் 32 பிட் பிட்ஃபீல்டை மாற்றுவதற்கு 64 பிட்டையும் படித்துத் திரும்ப எழுதியது, பக்கத்தில் இருந்த ஸ்பின்லாக் கெட்டுப்போனது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் கோடில்தான் மாட்டியது.

பிராசஸின் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் உள்ள விஎம் ஃபிளாக்ஸில் இன்னொரு பழைய பொறி. 32-ம் அதற்கு மேற்பட்ட எண்ணும் கொண்ட பிட்கள் 64 பிட் கணினியில் மட்டும்தான் உண்டு. 35-வது பிட்டுக்கு வெறும் 1-ஐ 35 இடம் நகர்த்தினால் சி மொழியில் அதற்கு வரையறையே கிடையாது. எண் நேரடியாக இருந்தால் கம்பைலர் எச்சரிக்கும், வேரியபிளாக இருந்தால் வாயைத் திறக்காது. எக்ஸ்86 ஷிஃப்ட் அளவில் கீழ் 5 பிட்டை மட்டும் பார்ப்பதால் 35 என்பது 3 ஆகி, கிடைப்பது 8, விஎம் ஃபிளாக்ஸில் அது ஷேர்ட் என்ற ஃபிளாக்! இதைவிட நயவஞ்சகமானது மாஸ்க் (எந்த பிட்களைத் தொட வேண்டும் என்று குறிக்கும் எண்): அன்சைன்ட் இன்ட் மாஸ்க்கைத் தலைகீழாக்கி அன்சைன்ட் லாங்குடன் அண்ட் செய்தால் மேல் 32 பிட்டும் பூஜ்ஜியமாகிவிடும். சைன்ட் இன்ட்டாக இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள், அதனால்தான் ரிவ்யூவில் கண்ணில் படுவதில்லை.

முகவரிகள் 4, 8 போன்ற எண்ணின் மடங்காக அலைன் ஆகியிருந்தால் பாயிண்டரின் கீழ் பிட்கள் பூஜ்ஜியமாகவே இருக்கும், ஃபிளாக்கை அங்கே ஒளித்து வைக்கலாம், கெர்னலே பேஜின் மேப்பிங் பாயிண்டரில் அனானிமஸ் (எந்த ஃபைலுக்கும் சேராத பேஜ்) என்பதை அப்படித்தான் குறிக்கிறது. ஆனால் அலைன்மென்ட்டை நீங்களே கட்டாயப்படுத்துங்கள். கிரிஸ் என்ற ஆர்க்கிடெக்சர் தானாக அலைன் செய்யாததால்தான் அட்ரஸ் ஸ்பேஸ் ஸ்ட்ரக்ட்டில் வெளிப்படையாக அலைன்மென்ட் எழுத வேண்டி வந்தது.

ஃபிளாக்குகளுக்கு வரிசை எண் தரும் enum பட்டியலின் நடுவில் செருகுவதும் வேண்டாம். லாக்குக்குக் காத்திருப்பவர் உண்டு என்று சொல்லும் வெயிட்டர்ஸ் பிட் 7-வதாகவும் லாக்ட் பிட் இருக்கும் அதே பைட்டிலும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் லாக்கை விடும்போதே அந்த பைட் நெகட்டிவா என்று பார்த்து, காத்திருப்பவர் உண்டா என்று தெரிந்துகொள்கிறார்கள். உள் எண்ணை அப்படியே யூசர் ஸ்பேஸுக்குக் காட்டுவதும் கூடாது. பேஜ் ஃபிளாக்குகளை வெளியே காட்டும் ப்ராக் கேபேஜ்ஃபிளாக்ஸ் (/proc/kpageflags) ஃபைலுக்குத் தனி நிலையான எண்கள் இருப்பது உள்ளே தாராளமாக மாற்றிக்கொள்வதற்காகத்தான்.

பேஜை விடுவிக்கும் முன் பிட்டைத் துடைக்க மறந்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பட்டியலில் அதைச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃப்ரீ செய்யும்போது சரிபார்க்கும் மாஸ்க்கில் இருந்தால் லாகில் "பேட் பேஜ் ஸ்டேட்" என்று விழும், யார் விட்டார்கள் என்று தேடலாம். அதில் இல்லாத பிட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் துடைக்கப்பட்டுவிடும், தவறு யார் கண்ணிலும் படாது. அதனால் பேட்சை அனுப்பும் முன் அந்த மாஸ்க்கையும், ட்ரேஸில் ஃபிளாக்குகளைப் பெயரோடு காட்டும் பட்டியலையும் திருத்தி, 32 பிட் ஆர்ம், ஐ386 இரண்டிலும் ஒருமுறை பில்ட் போட்டுவிடுங்கள்.