பிரெஞ்சுச் சட்டத்தில் ‘முடியாது’ என்றால் ‘கூடாது’

பாரிஸில் இருக்கும் மகனின் வாடகை ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் கேட்டு ஹட்டனில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். அதில் ‘ன பெ’ (ne peut) என்ற பிரெஞ்சுச் சொற்கள் பல இடங்களில் இருந்தன. அகராதியில் அதற்கு ‘முடியாது’. மொழிபெயர்க்கும்போது அப்படியே ‘கனொட்’ (cannot) என்று எழுதிவிடாதீர்கள். ‘இந்தப் பக்கம் வர ஏலாது’ என்று கங்காணி சொன்னால், நடக்கத் தெம்பில்லை என்றா அர்த்தம்? தடை என்றுதானே!

பிரான்சின் 1989 ஜூலை 6ஆம் திகதி வாடகைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இப்படித்தான்: வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வாடகையாளர் வீட்டை உள்வாடகைக்கு விட ‘முடியாது’. விடக் கூடாது என்பதே பொருள். ‘மஸ்ட் நொட்’ அல்லது ‘ஷல் நொட்’ போடுங்கள். ‘மே நொட்’ தவறில்லை, ஆனால் ‘விடாமலும் இருக்கலாம்’ என்று வாசிக்க இடமுண்டு. நான் தவிர்த்துவிடுவேன்.

அப்புறம், சட்ட நடையில் ‘ன பெ’வுடன் ‘பா’ (pas) என்ற எதிர்மறைச் சொல் பெரும்பாலும் வராது. அது இல்லையே என்று தடையை அனுமதியாக்கிவிடக் கூடாது. ஆனால் ‘ன பெ’வுக்குப் பின்னால் ‘க’ (que) வந்தால் கவனம்: அது ‘மட்டுமே செய்யலாம்’, ‘மே ஒன்லி’. ‘நுல் ன பெ’ (nul ne peut) என்று தொடங்கினால் ‘எவரும் செய்யக் கூடாது’, ‘நோ பேர்சன் மே’.