பூட்டன் கல்லறையைத் தேடி யாழ்ப்பாணம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கல்லறை தேடி யாழ்ப்பாணத்துக்கு வரும் குடும்பங்கள் பலவும் செய்யும் முதல் தவறு, இல்லாத கல்லறையைத் தேடுவதுதான். சைவக் குடும்பம் என்றால் பூட்டனைச் சுடலையில் எரித்து, காடாத்துச் சடங்கில் அள்ளிய சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்பார்கள். கோம்பயன்மணல் மயானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அவர் பெயர் கிடைக்காது. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுத்த ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகத்தில் தேடுங்கள். இறந்த வருடம், மாதம், திதி எல்லாம் ஒரு திதி வெண்பாவில் அடங்கியிருக்கும். பல புத்தகங்களில் வம்சாவளியும் உண்டு. வீட்டில் பிரதி இல்லையா? நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. அதைப் பார்க்காமல் விமான ரிக்கற் எடுக்க வேண்டாம் என்பேன்.

வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கல்லறை இருக்க வாய்ப்புண்டு. ஆனால் எந்தச் சபை என்று வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கர் என்றால் அந்தந்தப் பங்குக் கோயிலின் பதிவேட்டையும் சேமக்காலை எனும் இடுகாட்டையும் பார்க்க வேண்டும். 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வளர்த்த தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய்ச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் இருக்கின்றன. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் தனி. ஒரு சபையின் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை.

பெயர் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குவது. எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். கனடாவில் இன்று ‘குடும்பப் பெயர்’ என்று எழுதுவது அப்பப்பாவின் பெயராக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு பூட்டனைத் தேட முடியாது. போதாக்குறைக்கு, மிஷன் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு இங்கிலீஷ் பெயரும் இருந்தது. உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளை ‘ஆர்னல்ட்’. வட்டுக்கோட்டையில் படித்த விசுவநாதபிள்ளை ‘கறல்’. உங்கள் பூட்டனும் பதிவேட்டில் இப்படி ஒரு பெயரில் இருக்கலாம். வீட்டில் பழைய காணி உறுதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். யார் யாருடைய மகன், யாருக்கு எது சீதனம் என்று அதில் எழுதியிருக்கும். குடும்ப மரம் வரைவதற்கு அதைவிட நல்ல பத்திரம் கிடைப்பது அரிது.

அப்புறம், சொந்த ஊரில்தான் அடக்கம் நடந்திருக்கும் என்ற நம்பிக்கை. மயிலிட்டி, பலாலிச் சனம் போரால் 1990இல் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு இறந்தவர்கள் மல்லாகத்திலோ வடமராட்சியிலோ அடக்கப்பட்டிருக்கலாம். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. அங்கிருந்து வன்னிக்குப் போய் அங்கேயே கண்மூடியவர்களும் உண்டு. இதைத் தீர்க்க மரணச் சான்றிதழ் உதவும். ஆனால் இறப்பைப் பதிவது இறந்த இடத்தில்தான். ஆள் சாவகச்சேரியாக இருந்தாலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இறந்திருந்தால் யாழ்ப்பாணப் பிரிவில்தான் பதிவு. பிரதி கேட்கப் போகுமுன் இறந்த இடம் எது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது? ஓகஸ்ட் பள்ளி விடுமுறை வசதிதான். ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தங்க அறை கிடைப்பது பெரும்பாடு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நான் நவம்பர் 2ஐத்தான் சொல்வேன். மரித்தோர் நினைவு நாளுக்குச் சேமக்காலைகளைப் பற்றை வெட்டித் துப்புரவாக்கி, ஊரே மெழுகுதிரியோடு வந்து நிற்கும். எந்தக் கல்லறை யாருடையது என்று தெரிந்த கிழவிகளை ஒரே பின்னேரத்தில் சந்திக்கலாம். மாரிமழை பெய்யும், சரி, குடை பிடித்தால் போயிற்று. மற்ற நாட்களில் போவதென்றால் பங்குச் சுவாமிக்கோ போதகருக்கோ முன்கூட்டியே ஃபோன் பண்ணுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டால் அவருக்கும் எரிச்சல்தான் வரும்.

கல்லறை கிடைத்துவிட்டது என்றதும் சந்தோஷத்தில் கம்பித் தூரிகையும் அசிட்டுமாக இறங்கிவிடுவார்கள். தயவு செய்து வேண்டாம். பழைய கல்லறைகள் பல முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். அசிட் பட்டால் எழுத்தும் சேர்ந்து கரையும். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் படம் எடுங்கள். பக்கத்துக் கல்லறைகளையும் எடுங்கள், சொந்தக்காரர் அருகருகேதான் கிடப்பார்கள். கல்லே இல்லையென்றால் ஊகத்தில் புதுக்கல் நட வேண்டாம். இடம் போதாத சேமக்காலைகளில் ஒரே குழியில் மறுபடி அடக்குவதுண்டு, இன்னொரு குடும்பத்துக்கும் அங்கே உரிமை இருக்கலாம்.

நெடுந்தீவுக்காரர் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். வாகனம் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும், மிச்சம் படகில்தான். படகில் மட்டும் ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.