பழைய வீடு வாங்குமுன் உரிமையையும் எல்லையையும் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிக் குடியிருக்கும் வீட்டை வாங்குபவர், அது விற்பவருக்கு முழுமையாகச் சொந்தமானதா என்பதையும், காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கும் இடம்தான் பத்திரத்தில் எழுதப்பட்ட இடமா என்பதையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். முதல் கேள்விக்கு வழக்கறிஞர் ஆவணங்களைப் படித்து விடை சொல்வார். இரண்டாவதற்கு அளவு நாடாவுடன் மனையில் இறங்கினால்தான் விடை கிடைக்கும். வங்கிக் கடன் கிடைத்துவிட்டதே என்று இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது. வங்கி தன் கடனுக்கு ஈடு போதுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது.

விற்பவரின் கிரையப் பத்திரத்தோடு நிற்காமல், அவருக்கு முன் சொத்தை வைத்திருந்தவர்களின் தாய்ப்பத்திரங்களையும் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கி, நகலாக அல்லாமல் அசலாகவே கேட்டுப் பாருங்கள். அதே காலத்துக்கு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் போன்றவற்றின் பட்டியல்) எடுக்கும்போது, சர்வே எண்ணைப் பிரித்துத் தந்த தற்போதைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுவது போதாது. இன்று 45/2ஏ என்றிருக்கும் மனை முன்பு 45/2 என்ற எண்ணில் பதிவாகியிருக்கலாம். அந்தக் கிராமமே இடையில் வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். பழைய எண், புதிய எண், பழைய அலுவலகம், புதிய அலுவலகம் ஆகிய அனைத்திலும் தேடினால்தான் அந்தச் சான்றுக்குப் பொருள் உண்டு. அப்படித் தேடினாலும் பதிவு செய்யப்படாத உயிலோ, நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் தெரியாமல் போகலாம்.

சொத்து பரம்பரையாக வந்ததென்றால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறாரா, அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து முன்பே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்கும் 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. கல்யாணத்தின்போது சீர் செய்தாகிவிட்டது, தங்கை கேட்க மாட்டாள் என்று அண்ணன் தரும் வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. மைனர் வாரிசு இருந்தால், அவருடைய பங்கை நீதிமன்ற அனுமதியின்றிக் காப்பாளர் விற்றதை அவர் வயது வந்தபின் 3 ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குப் போட முடியும்.

பட்டா தேவைதான். ஆனால் அது வருவாய்த் துறையின் பதிவே தவிர, உரிமையைத் தானாக உருவாக்கும் ஆவணம் அன்று. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா வேறொருவர் பெயரிலும் இருந்தால், அதன் காரணம் தெளிவாகும்வரை அட்வான்ஸ் தரக் கூடாது. பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப்பட்டாவாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உட்பிரிவு செய்யப்படாத மனையின் எல்லைக்கோடு, நில அளவைத் துறையின் அளவு வரைபடமான புலப்படத்தில் (எஃப்.எம்.பி.) தனியாக வரையப்பட்டிருக்காது.

எல்லைப் பிரச்சினைகள் பலவும் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைக் கூர்ந்து படிக்காததால் வருகின்றன. ‘தெருவுக்கு மேற்கு’ என்று நான்கெல்லையில் (மனையின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதியில்) எழுதியிருந்தால், மனை தெருவுக்கு மேற்கே இருக்கிறது, அதாவது தெரு மனையின் கிழக்குப் பக்கம் ஓடுகிறது என்பதே பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் பலர். அடுத்ததாக அளவுகளைக் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள். வடபுறம் கிழமேல் 40 அடி, தென்புறம் கிழமேல் 38 அடி, இருபுறமும் தென்வடல் 60 அடி என்று எழுதிவிட்டு மொத்தம் 2,400 சதுர அடி என்று முடித்திருந்தால், கணக்கு 2,340-தான் வருகிறது. பட்டாவில் இதே மனை 2.23 ஏர் என்று இருக்கலாம். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,076 சதுர அடி. ஆகவே பத்திரமும் பட்டாவும் 2,400 என்று ஒத்துப்போகும்போதே தரையில் 60 சதுர அடி குறையலாம். அளவும் நான்கெல்லையும் முரண்படும் இடத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே முதலிடம் தருகின்றன என்பதால், இல்லாத 60 சதுர அடியைப் பக்கத்து மனையிலிருந்து கேட்டுப் பெறுவது கடினம்.

எனவே புலப்படத்தின் நகலை எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கொண்டு, விற்பவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உடனிருக்க நான்கு பக்கமும் அளக்கச் செய்யுங்கள். எல்லைக் கல் காணவில்லை என்றாலோ அண்டை வீட்டார் ஆட்சேபித்தாலோ, அரசு நில அளவரைக் கொண்டு எல்லை காட்டித் தருமாறு விற்பவரே விண்ணப்பிக்கட்டும். அளக்கும் நாளில் பொதுச்சுவர் யாருடையது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, கொல்லைப்புறத்துக்கு யாராவது இந்த வீட்டின் சந்து வழியாகப் போய்வருகிறார்களா என்றும் விசாரியுங்கள். 20 ஆண்டுகள் தடையின்றி நடந்துவந்த வழிக்குப் பாத்தியம் உண்டாகிவிடலாம். 12 ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் தன்னுடையதாகவே வெளிப்படையாக வைத்து அனுபவித்த இடத்தை மீட்பது அதைவிடச் சிரமம்.

குறை தெரியவந்தால் விலையைக் குறைத்துக்கொண்டு அப்படியே வாங்கிவிடுவதைவிட, விற்பவரைக் கொண்டே பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்யவைத்து, அதன் பிறகு கிரையம் செய்வது நல்லது. பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே பெயர்த்து எழுத விடாமல், அளந்து கண்ட அளவுகளையும் இன்றைய அண்டை வீட்டாரின் பெயர்களையும் புதிய பத்திரத்தில் சேர்க்கச் செய்யுங்கள்; சர்வேயரின் வரைபடத்தையும் இணைக்கலாம். பதிவு முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, நில அளவர் வரும் நாளில் நேரில் இருந்து கல் நடப்படும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.