நின்றுபோன பழைய லாரி எஞ்சினை மீண்டும் சுழல வைக்கும் முறை

சென்னையில் பழைய லாரி வாங்கிச் சீரமைக்க விரும்புவோர் பெரும்பாலும் கேபினையும் பெயிண்ட்டையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் நிறுவனத்தின் பழைய ‘காமெட்’ லாரியாக இருந்தாலும், சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின் பொருத்திய வேறு வண்டியாக இருந்தாலும், மரக் கேபினைத் தேர்ந்த தச்சர் ஒருவர் புதிதாகவே செய்து தந்துவிடுவார். ஆனால் எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் அதற்கு மாற்று கிடைப்பது அரிது. ஆகவே எஞ்சினைச் சேதப்படுத்தாமல் சுழல வைப்பதே முதல் வேலை.

பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைப் பாருங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 50 ஆண்டுகளைக் கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கானது. சரக்கு வாகனமாகப் பதிவான லாரி அதற்குள் நேரடியாக அடங்காது என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பல ஆண்டுகள் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சின் நின்றபோது எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ அதற்குள்தான் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் புகுந்து, பிஸ்டன் வளையங்களை சிலிண்டரின் உட்சுவரான லைனரோடு ஒட்ட வைக்கும். ஒரே ஒரு சிலிண்டர் இப்படிப் பிடித்திருக்க, மற்றவற்றை வலிந்து இழுத்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும்.

முதலில் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பின் வடிகால் திருகைச் சிறிதளவு தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது என்பதால், உள்ளே புகுந்திருந்தால் அதுவே முதலில் வெளிவரும். பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, எது எந்த சிலிண்டருக்குரியது என்று எழுதி வையுங்கள். ஆங்கிலேய வடிவமைப்பில் வந்த பழைய எஞ்சின்களில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுத் திருகுகள் இருக்கக்கூடும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். அந்த ஸ்பேனர்களைப் புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் பொறுமையாகத் தேடிப் பார்க்கலாம். எனக்கு அந்தத் தேடலே பாதி சுகம்.

அசிட்டோனும் ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சம அளவில் கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 மில்லி அளவுக்கு ஊற்றுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்தவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். ஒரு வாரம் ஊறியபின், எஞ்சினின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து வால்வுகள் மேலும் கீழும் அசைகின்றனவா என்று பாருங்கள். இறுகிய வால்வோடு சுழற்றினால், வால்வை இயக்கும் தண்டான புஷ் ராட் வளையும். அடுத்து, கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பற்களில் நெம்புகோலைக் கொடுத்து, ஒரு பல் முன்னே, ஒரு பல் பின்னே என்று மாறி மாறி அசைக்க வேண்டும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். மீண்டும் கலவையை ஊற்றி இன்னொரு வாரம் காத்திருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

எஞ்சின் விடுபட்டதும் நாசில்களைப் பொருத்த அவசரப்படக் கூடாது. பிஸ்டனுக்கு மேல் தேங்கிய திரவம் அழுந்தாது என்பதால், அவை கழன்றிருக்கும்போதே கையால் பலமுறை சுழற்றி அதை வெளியேற்றிவிட்டு, சம்பில் உள்ள பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் நிரப்புங்கள். பின்னர் ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்த முள் எழும் வரை பாருங்கள்.

இனிதான் பெரிய ஆபத்து. டீசல் பம்பின் உள்ளே, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் தண்டு முழு எரிபொருள் நிலையில் இறுகியிருந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துச் சிதறக்கூடும். சாவியைத் திருப்பி நிறுத்த இது பெட்ரோல் எஞ்சின் அல்ல. பம்பின் பக்க மூடியைத் திறந்து, ராக் தடையின்றி நகர்வதை விரலால் உறுதி செய்யுங்கள். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றியபின் ஸ்டார்ட் செய்யும் வேளையில், காற்று உள்ளிழுக்கும் வாயை அடைக்கும் அளவுள்ள பலகையோடு ஒருவர் அருகில் நிற்க வேண்டும். கையால் மூட ஒருபோதும் முயலக் கூடாது.

பத்து நிமிடம் ஓடினால் போதும். நிறுத்தியதும் சூடு ஆறுவதற்குள் அந்த எண்ணெயை வடித்து, காந்தத்தால் துழாவி இரும்புத் துகள் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த எண்ணெயை ஊற்றுங்கள்.